மூலை அலமாரிக்குத் தட்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சமையலறையில் இரண்டு மேடைகள் சேரும் மூலையில் அமைந்த அலமாரியைப் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேள்விகள் பலவாக இருந்தாலும் அவற்றின் அடியில் இருக்கும் சிக்கல் ஒன்றுதான்: உள்ளே இடம் பெரிது, நுழையும் வாய் சிறிது. தட்டு அமைக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் உட்பக்கத்தை அளந்தவுடன் பலகையை வெட்டக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் அளக்க வேண்டியது கதவின் திறப்பை. அடுத்து, அந்த அலமாரியைப் பயன்படுத்துபவரின் கை எட்டும் தூரத்தை. உட்பக்க அளவு மூன்றாவதாகத்தான் வருகிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு பதில்களைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மேடையின் கீழ் மூலையிலுள்ள அலமாரிக்கு ஒரு பக்கம் மட்டுமே கதவு இருக்கிறது, மீதிப் பகுதி பக்கத்து வரிசைக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. உள்ளே 96 செ.மீ. அகலமும் 55 செ.மீ. ஆழமும் 68 செ.மீ. உயரமும் இருக்கின்றன. கதவுக்கு மேலே ஓர் இழுப்பறை முகப்பு பதிக்கப்பட்டிருப்பதால், திறப்பு 42 செ.மீ. அகலமும் 46 செ.மீ. உயரமுமாகச் சுருங்கிவிட்டது. நடுவில் ஒரு தட்டு வேண்டும் என்று முழு அளவுக்கு வெட்டி வாங்கிய பலகை எப்படித் திருப்பினாலும் உள்ளே போகவில்லை. மேடையைப் பெயர்க்காமல் இதைச் செய்ய வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் அதற்கு முன், பலகை ஏன் போகவில்லை என்பதைப் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் தீர்வு அதற்குள்ளேயே இருக்கிறது. இப்படிப்பட்ட அலமாரிக்குள் நீளமான பலகையை நுழைக்க வேண்டுமானால், அதைப் படுக்கை நிலையில் அல்லாமல் விளிம்பின்மேல் நிமிர்த்தி, திறப்பிலிருந்து எதிர்மூலையை நோக்கிச் சாய்வாகத் தள்ள வேண்டும். உங்கள் அளவுகளின்படி 96 செ.மீ. நீளம் ஒரு தடையே இல்லை: பலகையின் முன் முனை பின்சுவரின் மறைந்த மூலையைத் தொடும்போது, அதன் பின் முனை திறப்பின் உள்ளே வந்துவிடும். தடை எங்கே இருக்கிறது என்றால், நிமிர்த்தும்போது பலகையின் ஆழமே உயரமாகிவிடுகிறது, 55 செ.மீ. உயரம் 46 செ.மீ. திறப்பில் நுழையாது. உங்கள் கதவு மேடை வரைக்கும் உயர்ந்திருந்தால் இதே பலகை உள்ளே போயிருக்கும்.

ஆகவே குறைக்க வேண்டியது நீளத்தை அல்ல, ஆழத்தை. இந்த இடத்தில் என்னுடைய உறுதியான பரிந்துரை, பின்சுவரை ஒட்டி 30 செ.மீ. ஆழத்துக்கு மட்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பலகையாகத் தட்டு அமைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். முழு ஆழத் தட்டு போட்டால் கூடுதல் இடம் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் திறப்பின் ஓரத்திலிருந்து மறைந்த மூலை வரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 77 செ.மீ. தூரம் இருக்கிறது, முழுத் தட்டு அந்த இடத்தை மேலும் கீழுமாக இரண்டு இருண்ட பொந்துகளாகப் பிரித்துவிடும், குனிந்து பார்க்கும் கண்ணுக்கும் நீளும் கைக்கும் நடுவே பலகையின் முன்விளிம்பு வந்து மறிக்கும். 30 செ.மீ. தட்டாக இருந்தால் அதன் முன்னால் 25 செ.மீ. அளவுக்குத் திறந்த வெளி இருக்கும். உயரமான பாத்திரங்கள் அங்கே நிற்கும். கீழே மறைந்த பகுதியில் வைத்ததையும் மேலிருந்து பார்க்க முடியும். தோளை உள்ளே நுழைத்துக் கையை வளைக்கவும் இடம் கிடைக்கும்.

இனி வேலை முறை. உட்பக்க அகலத்தை, தட்டு வரப்போகும் உயரத்திலேயே, பின்சுவரை ஒட்டி ஒரு முறையும் 30 செ.மீ. முன்னால் ஒரு முறையும் அளந்து, இரண்டில் குறைவானதிலிருந்து 3 மி.மீ. கழித்துப் பலகையின் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். பலகை வெட்டுவதற்கு முன், அதே அளவில் கெட்டியான அட்டையை வெட்டி உள்ளே நுழைத்துப் பாருங்கள். குழாயோ கீலோ இடித்தால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். பலகை 18 மி.மீ. பிளைவுட்டாக இருக்கட்டும். முன்விளிம்பின் அடியில் 40 மி.மீ. உயரமுள்ள ஒரு சட்டத்தைப் பசையிட்டுத் திருகாணியால் இணைத்துவிடுங்கள், 96 செ.மீ. நீளத்துக்கு முன்பக்கம் எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கப்போகும் பலகை தொய்யாமல் இருப்பதற்கு இது அவசியம். தட்டு அமரும் இடத்தில் பின்சுவரிலும் இரு பக்கவாட்டிலும் 20 மி.மீ. சட்டங்கள் வர வேண்டும். அலமாரியின் முதுகுப்பலகை பெரும்பாலும் மிக மெல்லியதாக இருக்கும், அது திருகாணியைப் பிடித்து நிற்காது. எனவே பின்சட்டத்தின் திருகாணிகள் அதைத் துளைத்துச் சுவருக்குள் வால் பிளக்கில் (சுவர்த் துளையில் செருகித் திருகாணியை இறுகப் பிடிக்கவைக்கும் சிறு குழல்) போய் அமர வேண்டும். துளையிடும் முன் சுவருக்குள் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்பதை உறுதிசெய்துகொள்வது கட்டாயம்.

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. சட்டங்களை முதலில் அடித்துவிட்டால், நிமிர்ந்த நிலையில் வரும் பலகை அவற்றில் இடித்து நின்றுவிடும். ஆகவே சுவரில் துளைகளை மட்டும் முன்பே இட்டு, வால் பிளக்குகளைத் தட்டி வைத்துவிட்டு, பலகையை உள்ளே கொண்டுபோங்கள். ஒரே உயரத்தில் வெட்டிய மூன்று முட்டுக்கட்டைகளின் மேல் பலகையைக் கிடத்தி, ரசமட்டம் வைத்துக் கிடைமட்டத்தைச் சரிபார்த்த பிறகு, சட்டங்களை அடியில் கொடுத்துத் திருகுங்கள். பிறகு முட்டுக்கட்டைகளை உருவிவிடலாம். இந்த முறையில் சட்டங்கள் பலகைக்கு ஏற்ப அமைவதால், தட்டு ஒரு மூலையில் ஆடும் தொல்லையும் வராது.

வாடகை வீடாக இருந்து சுவரைத் துளைக்க முடியாதென்றால், அந்த முட்டுக்கட்டைகளையே நிலையான கால்களாக மாற்றிக்கொள்ளுங்கள். பலகையின் இரு கோடியிலும் நடுவிலும் 28 செ.மீ. அகலமுள்ள நிற்கும் பலகைகளைத் தனித்தனியாக உள்ளே கொண்டுபோய், மேல்பலகையோடு உள்ளேயே திருகிவிட்டால், அது ஒரு நீண்ட பெஞ்சுபோலத் தன் காலிலேயே நிற்கும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் சென்றுவிடலாம்.

மறைந்த கோடிக்கு ஒரு சொல்: அங்கே பொருள்களைத் தனித்தனியாக வைக்காமல், 28 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள, முன்பக்கம் கைப்பிடி வைத்த ஆழமில்லாத பெட்டியில் வையுங்கள். தட்டின் மேல் அதை நகர்த்தித் திறப்புக்கு நேராகக் கொண்டுவந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு திரும்பத் தள்ளிவிடலாம்.

கேள்வி: எங்களுடையது இரண்டு பக்கமும் மடங்கித் திறக்கும் கதவு கொண்ட அலமாரி. உள்ளே ஒவ்வொரு சுவரும் 86 செ.மீ. நீளம், ஆழம் 56 செ.மீ. அலமாரி செய்தபோதே "ட" வடிவில் ஒரே துண்டாக வைக்கப்பட்ட பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) தட்டு, இப்போது கதவுகள் சந்திக்கும் உள்மூலையில் நன்றாகத் தொய்ந்துவிட்டது. அந்த மூலையில் ஒரு கால் நட்டால் போதுமா?

பதில்: கால் நட்டால் தொய்வு நிற்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கால், உங்கள் அலமாரியின் மிகப் பெரிய வசதியையே பறித்துவிடும். இரண்டு கதவுகளும் ஒன்றாகத் திறக்கும்போது 30 செ.மீ. வீதம் இரு பக்கமும் சேர்ந்து ஒரே பெரிய வாயாகின்றன. அகலமான பாத்திரம் அதனால்தான் உள்ளே போகிறது. நடுவில் கால் நின்றால் வாய் இரண்டாகப் பிளந்துவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைச் செய்யலாம்.

தொய்வு ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். தட்டு சுவர்களிலும் பக்கப்பலகைகளிலும் தாங்கப்பட்டிருக்கிறது, ஆனால் உள்மூலை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. பின்மூலையிலிருந்து அது கிட்டத்தட்ட 79 செ.மீ. தள்ளி இருக்கிறது. தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளம் இரட்டிப்பானால், அதே எடைக்குத் தொய்வு எட்டு மடங்காகிறது. பலகையின் கனத்தைக் கூட்டினால் தொய்வு குறையும் என்பதும் உண்மையே, 18 மி.மீ. பலகைக்குப் பதிலாக 25 மி.மீ. பலகை போட்டால் விறைப்பு ஏறத்தாழ 2.7 மடங்காகும். ஆனால் பார்ட்டிகிள் போர்டுக்கு இன்னொரு குணம் உண்டு: எடை நிரந்தரமாக மேலே இருந்தால், அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும், எடையை எடுத்தாலும் முழுவதும் நிமிராது. தட்டைப் புரட்டிப் போட்டால் சில காலம் சரியாக இருக்கும், பிறகு மறுபடியும் அதே நிலைதான்.

நான் சொல்லும் வழி, தட்டை இரண்டாகப் பிரித்து, பிரிக்கும் கோட்டின் அடியில் ஒரு தாங்கு சட்டத்தைக் கொடுப்பது. ஒரு சுவரை ஒட்டி 86 செ.மீ. நீளமும் 56 செ.மீ. அகலமும் கொண்ட பெரிய துண்டு வரும்; மிஞ்சிய இடத்தில் 56 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவுள்ள சிறிய துண்டு வரும். பெரிய துண்டின் முன்விளிம்பு உள்மூலையின் வழியாகவே செல்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்த விளிம்பின் அடியில், இடதுசுவரிலிருந்து வலப்பக்கப் பலகை வரை, 18 மி.மீ. கனமும் 60 மி.மீ. உயரமும் உள்ள சட்டம் ஒன்று நிமிர்ந்து ஓடினால், தொய்கிற மூலை அந்தச் சட்டத்தின் மேலேயே அமர்ந்துவிடுகிறது. ஒரே மரவகையாக இருந்தால், இவ்வளவு சிறிய சட்டம் தரும் விறைப்பு, 56 செ.மீ. அகலமுள்ள 18 மி.மீ. பலகை முழுவதும் தரும் விறைப்பைவிடச் சற்று அதிகம். உயரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப விறைப்பு வளர்வதே இதற்குக் காரணம். சட்டத்தின் இரு முனைகளும் சுவரிலும் பக்கப்பலகையிலும் திருகிய சிறு கட்டைகளின் மேல் அமர வேண்டும். சிறிய துண்டு அமர்வதற்காகச் சட்டத்தின் மறுபக்கத்தில் 20 மி.மீ. சதுரச் சட்டம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அதன் மேல்முகம், பெரிய துண்டு அமரும் மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும்.

பழைய தட்டை வெளியே எடுப்பதற்கும் இதே கோடு பயன்படும். அலமாரி பூட்டும்போதே வைக்கப்பட்ட அந்தத் துண்டை அப்படியே எடுக்க முயன்றால் கதவுச் சட்டமும் மைக்காவும் பெயரும். பெரிய துண்டின் முன்விளிம்புக்கு நேராக உள்ளேயே கோடு போட்டுக் கைரம்பத்தால் அறுத்துவிட்டால், சொன்ன அளவில் இரண்டு துண்டுகளும் தாமாகவே கிடைக்கும். கதவு மேடை வரை உயர்ந்து 60 செ.மீ.க்குக் குறையாத திறப்பு இருந்தால், பெரிய துண்டை நிமிர்த்தி, உள்மூலையிலிருந்து பின்மூலையை நோக்கி மூலைவாட்டில் தள்ளவும் இழுக்கவும் தாராளமாக இடம் இருக்கும். பலகை ஈரத்தில் ஊதாமல் கெட்டியாக இருக்குமானால், அதையே புரட்டிப் போட்டு மறுபடி பயன்படுத்தலாம். விரலால் அழுத்தினால் ஓரம் உதிர்கிற நிலையில் இருந்தால், தயங்காமல் பிளைவுட்டுக்கு மாறிவிடுங்கள். இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட வேண்டாம். குழாய் பழுதுபார்க்கவோ சுத்தம் செய்யவோ தனித்தனியாக எடுக்கக்கூடியதாக இருப்பது பெரிய நன்மை.

கேள்வி: கடையில் நேர்ச்சதுரமாக வெட்டித் தந்த தட்டு, ஒரு பக்கம் சுவரை ஒட்டியும் மறுபக்கம் விரலளவு இடைவெளி விட்டும் நிற்கிறது. வெட்டியவர் மீது தவறா, சுவர் மீது தவறா?

பதில்: பெரும்பாலும் சுவர்தான் காரணம். மூலை ஒரு பாகை மட்டும் விரிந்திருந்தாலும், 86 செ.மீ. தூரத்தில் இடைவெளி 1.5 செ.மீ. ஆகிவிடும், பூச்சு வேலையில் இந்த அளவு விலகல் சாதாரணம்.

சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 செ.மீ.யிலும் மற்றொன்றில் 80 செ.மீ.யிலும் பென்சிலால் புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே நேராக 100 செ.மீ. இருந்தால் மூலை செங்கோணம். 100.8 செ.மீ. வந்தால் ஏறத்தாழ ஒரு பாகை விரிந்திருக்கிறது, 100 செ.மீ.க்குக் குறைந்தால் மூலை ஒடுங்கியிருக்கிறது. இந்த அளவைத் தரைமட்டத்தில் எடுக்காமல், தட்டு வரப்போகும் உயரத்தில் எடுக்க வேண்டும், ஏனென்றால் சுவர்கள் கிடைமட்டத்தில் மட்டுமல்லாமல் மேலிருந்து கீழாகவும் சாய்ந்திருக்கலாம். இரண்டு தட்டுகள் போடுவதாக இருந்தால் இரண்டு உயரத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்றின் அளவில் மற்றொன்றை வெட்டினால் மறுபடியும் இதே கடிதத்தைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

எண்களைவிட நம்பகமானது அட்டை மாதிரி. 5 செ.மீ. அகலமுள்ள நீண்ட அட்டைப்பட்டைகளைச் சுவர்களை ஒட்டி வைத்து, மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுநாடாவால் இணைத்துவிட்டால், அந்த இடத்தின் உண்மையான வடிவம் அப்படியே வெளியே வந்துவிடும். அதைப் பலகையின் மேல் கிடத்திக் கோடு போட்டு, சுவர்ப்பக்கம் 2 முதல் 3 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். சுவர் அலையலையாக இருந்தால், பலகையைச் சுவரோரம் வைத்து, கவராயத்தை மிகப் பெரிய இடைவெளியின் அளவுக்கு விரித்து, அதன் ஊசிமுனை சுவரைத் தடவிக்கொண்டே போகும்படி இழுத்தால், பென்சில்முனை அதே அலையைப் பலகையின் மேல் வரைந்துவிடும். அந்தக் கோட்டின்படி இழைத்தால் பலகை சுவரோடு பொருந்தும்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தட்டை வீணாக்க வேண்டியதில்லை. அலமாரிக்குள் இருக்கும் தட்டுக்குப் பின்னால் சிறு இடைவெளி இருப்பது குறையே அல்ல. காற்று போய்வர அது உதவும். சிறிய பொருள்கள் அதன் வழியே விழுந்துவிடும் என்பதுதான் கவலையென்றால், தட்டின் பின்விளிம்பில் 3 செ.மீ. உயரமுள்ள ஒரு மெல்லிய பட்டையை நிமிர்த்தி வைத்துத் திருகிவிடுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு முழங்கால் வலி இருப்பதால் குனிந்து எடுப்பது சிரமமாக இருக்கிறது. மூலை அலமாரியில் நிலையான தட்டுகளுக்குப் பதிலாகச் சுழலும் தட்டுகள் வைக்கலாமா? இடம் வீணாகும் என்று சிலர் சொல்கிறார்கள்.

பதில்: இடம் வீணாவது உண்மைதான். ஒரு சதுரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டம், அந்தச் சதுரத்தின் பரப்பில் 78.5 விழுக்காட்டை மட்டுமே நிரப்பும். மேலே இரண்டாவது கடிதத்தில் கண்ட அலமாரியை எடுத்துக்கொண்டால், நிலையான தட்டின் பரப்பு ஏறத்தாழ 6,500 சதுர செ.மீ.; அங்கே வைக்கக்கூடிய 71 செ.மீ. விட்டமுள்ள சுழல்தட்டு முழு வட்டமாக இருந்தாலே 3,960 சதுர செ.மீ.தான் வரும், கதவுக்காக அதில் ஒரு பகுதி வெட்டப்படுவதால் இன்னும் குறையும். ஆனால் இந்தக் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். நிலையான தட்டின் பின்மூலையில் உங்கள் தாயாரால் எடுக்க முடியாமல் கிடக்கும் பொருளைவிட, சுழல்தட்டில் அவர் நின்றபடியோ சிறு முக்காலியில் அமர்ந்தபடியோ தாமே எடுத்துக்கொள்ளும் பொருள் மதிப்பு மிக்கது. உங்கள் வீட்டுக்குச் சுழல்தட்டுதான் சரி என்பேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. நடுத்தண்டு மேலும் கீழும் பிடிமானம் கேட்கும். எடை முழுவதும் அடித்தண்டின் வழியே அலமாரியின் அடிப்பலகையில் ஒரு சிறு இடத்தில் இறங்குவதால், அடிப்பலகை தொய்வின்றிக் கெட்டியாகவும், அதற்கு நேர்க்கீழே ஒரு காலோ கட்டையோ தாங்கும்படியும் இருக்க வேண்டும். தட்டின் சுற்றுவிளிம்பு குறைந்தது 4 செ.மீ. உயரமாவது இருக்கட்டும், ஏனென்றால் சுழலும்போது பின்னால் விழுகிற பொருள் தட்டுக்கும் சுவருக்கும் இடையே சிக்கிச் சுழற்சியையே நிறுத்திவிடும்; அதைக் கழற்றாமல் எடுப்பது கடினம். சில வகைகளில் கதவே தட்டோடு பொருத்தப்பட்டு உள்ளே சுழன்று போகும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கதவைத் தள்ளும் விரல் விளிம்பில் நசுங்க வாய்ப்பிருப்பதால், முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் தனியாக மடங்கித் திறக்கும் கதவையே நான் விரும்புவேன். அதற்கு இரண்டு கதவுகளையும் இணைக்க ஒரு வகைக் கீலும், பக்கப்பலகையில் 165 பாகை அளவுக்காவது விரியும் இன்னொரு வகைக் கீலும் வேண்டும்; சாதாரணக் கீலைப் போட்டால் கதவு பாதி வாயை மறைத்துக்கொண்டு நிற்கும்.

ஒரு பக்கம் மட்டும் கதவுள்ள அலமாரியாக இருந்தால், சுழல்தட்டைவிட வெளியே இழுத்துத் திருப்பும் தட்டுகள் பொருத்தம். இவற்றில் முன்தட்டு கதவின் வழியே வெளியே வர, பின்தட்டு மறைந்த கோடியிலிருந்து திறப்புக்கு நகர்ந்து வரும். ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தபட்சத் திறப்பு அகலம் இவ்வளவு என்று தயாரிப்பாளர் குறித்திருப்பார். கீல்களையும் விளிம்புகளையும் கழித்து மிஞ்சும் தெளிந்த அகலம் அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு தட்டும் தாங்கும் எடையும் குறிக்கப்பட்டிருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். மூலையை ஒட்டி 5 முதல் 7 செ.மீ. அகலத்துக்கு ஓர் இடைப்பலகை விடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். அது இல்லையென்றால், கதவையோ தட்டையோ திறக்கும்போது பக்கத்து வரிசையின் கைப்பிடியில் மோதும்.

இவ்வளவு செலவும் வேலையும் வேண்டாம் என்று நினைத்தால், நிலையான தட்டின் மேல் 35 முதல் 40 செ.மீ. விட்டமுள்ள தனிச் சுழல்தட்டு ஒன்றை வைத்துவிடலாம். மேல்தட்டில், கை எளிதாகப் போகும் உயரத்தில் இது நன்றாகவே உதவும். ஆனால் தரையை ஒட்டிய தட்டில் வைத்தால், குனிய வேண்டிய சிரமம் அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: சுவரில் மாட்டிய மேல் மூலை அலமாரிக்கும் இதே முறைகள் பொருந்துமா?

பதில்: பொருந்தும். அங்கே ஆழம் 30 முதல் 35 செ.மீ. மட்டுமே என்பதால் தட்டு நுழைப்பதும் தாங்குவதும் எளிது. கவலைப்பட வேண்டியது தட்டைப் பற்றி அல்ல, அலமாரி சுவரில் தொங்கும் பிடிமானத்தைப் பற்றி. கூடுதலாக ஒரு தட்டு போட்டால் அதன் மேல் ஏறும் எடை முழுவதும் அந்தப் பிடிமானத்துக்குத்தான் போகிறது. ஆகவே தட்டு சேர்க்கும் முன் அலமாரியைக் காலி செய்து, அது சுவரிலிருந்து சற்றேனும் விலகியிருக்கிறதா, திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கனமான பாத்திரங்களுக்கு மேல் மூலை ஏற்ற இடம் அல்ல.

கேள்வி: தட்டைத் தாங்கும் ஷெல்ஃப் பின்கள் பார்ட்டிகிள் போர்டில் துளையைப் பெரிதாக்கிக்கொண்டு கழன்று விழுகின்றன. அதே துளைகளை எப்படிச் சரிசெய்வது?

பதில்: இந்தத் துளைகள் பொதுவாக 5 மி.மீ. விட்டமுடையவை, மேலும் கீழுமாக 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாக இடப்பட்டவை. ஒரு துளை கெட்டுவிட்டால், எளிய தீர்வு தட்டை அடுத்த துளைக்கு மாற்றுவது. அதே உயரம்தான் வேண்டுமென்றால், துளையை 8 மி.மீ. ஆக்கி, அதே விட்டமுள்ள மரக்குச்சியை எபாக்ஸி பசையோடு அடித்து இறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, அதன் நடுவில் புதிதாக 5 மி.மீ. துளை இடுங்கள்.

ஆனால் மூலை அலமாரியைப் பொறுத்தவரை நான் பின்களையே நம்புவதில்லை. இங்கே தட்டு பெரிது, எடையும் ஒரே பக்கமாக ஏறுகிறது. நான்கு பின்களில் ஒன்று கழன்றால் தட்டு முழுவதும் சாய்ந்துவிடும். பாத்திரங்கள் கதவின் மேல் வந்து சாய்ந்து, திறந்தவர் காலில் விழும். பக்கப்பலகையின் முழு ஆழத்துக்கும் 20 மி.மீ. சட்டம் ஒன்றைப் பசையோடு மூன்று திருகாணிகள் போட்டு நிறுத்திவிட்டால், எடை ஒரு புள்ளியில் இறங்காமல் நீளம் முழுவதும் பரவும். பக்கப்பலகை 18 மி.மீ. கனமாக இருந்தால், 20 மி.மீ. சட்டத்துக்கு 35 மி.மீ. நீளத் திருகாணி போதும். அதைவிட நீண்டது மறுபக்கம் துருத்தும். பார்ட்டிகிள் போர்டில் திருகும்போது முதலில் மெல்லிய துளை இட்டுக்கொண்டு, மின்கருவியை விட்டுவிட்டுக் கையால் இறுக்குங்கள். கருவியின் வேகத்தில் ஒரு சுற்று கூடினாலும் உள்ளே மரத்தூள் உதிர்ந்து, திருகாணி பிடியில்லாமல் சுற்றத் தொடங்கிவிடும்.